கதையில் விழுந்த ஓட்டை

போன மாதம் ஆயக்குடிக்குப் போயிருந்தேன். பழனியிலிருந்து திண்டுக்கல் சாலையில் பஸ் ஏறி உட்கார்ந்தால், நன்றாக மூச்சு விடுவதற்குள் ஊர் வந்துவிடும். சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யாப்பழம். வெளியூர்க்காரர்கள் ஆயக்குடி என்றால் கொய்யா என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் கத்தரிக்கோல் ஞாபகம் வரும். அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன்.

என் தாய்மாமன் வீடு பழைய ஆயக்குடியில் இருக்கிறது. மாமாவும் அத்தையும் காலமாகி வெகு காலமாயிற்று. இப்போது அங்கே இருப்பது அவர்களுடைய பேரனும் அவன் குடும்பமும். நான் போன சமயம், அந்தப் பேரனின் மகன், பதினைந்து வயதுப் பையன், திண்ணையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து கைப்பேசியை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் எண்கள், கட்டங்கள், அம்புக்குறிகள்.

"பரீட்சைக்குப் படிக்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. புதுப்படத்தோட போஸ்டர் வந்திருக்கு. அதுல கடிகாரத்துல முள்ளு நிக்கிற இடம், பின்னாடி வர்ற லாரியோட நம்பர், சுவத்துல கிறுக்கியிருக்கிற எழுத்து, எல்லாத்தையும் சேத்தா படம் ரிலீஸ் ஆகுற தேதி வருமாம். சிங்கப்பூர்ல ஒரு அண்ணன் பாதி கண்டுபிடிச்சுட்டார். மீதியை நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்."

"கண்டுபிடித்தால் என்ன கொடுப்பார்கள்?"

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, தாத்தா."

அதே திண்ணை, அதே தூண், அதே மாதிரி குனிந்த தலை. எழுபது வருஷங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் மாமா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். அவர் மடியிலும் கட்டங்கள்தாம் இருந்தன. வித்தியாசம் என்னவென்றால், அவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமா தமிழ்ப் பண்டிதர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. நிகண்டு அவருக்கு மனப்பாடம். ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள் சொல்லிவிட்டுப் பத்தாவதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வார். யாராவது கேட்கவேண்டும் என்பதற்காக. இப்படிப்பட்ட மனிதர் குறுக்கெழுத்துப் போட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இது தமக்காகவே தோன்றிய போட்டி என்றுதான் நினைப்பார். நினைத்தார்.

குறுக்கெழுத்து என்பது அப்படியொன்றும் பழைய சரக்கு அல்ல. 1913-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி 'நியூயார்க் வோர்ல்டு' என்ற பத்திரிகையின் ஞாயிறு மலரில் ஆர்தர் வின் என்பவர் ஒரு வைர வடிவக் கட்டத்தைப் போட்டார். பத்திரிகையில் ஏதோ ஒரு மூலையை நிரப்ப வேண்டியிருந்தது, நிரப்பினார். பதினோரு வருஷம் கழித்து, 1924-ல், சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் புத்தகக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அவர்கள் போட்ட முதல் புத்தகமே குறுக்கெழுத்துப் புத்தகம். ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சிலைச் சேர்த்து விற்றார்கள். பென்சிலைப் பார்த்ததும் கை பரபரக்காத மனிதன் உண்டா? புத்தகம் பறந்தது. அமெரிக்கா முழுவதும் அந்தப் பைத்தியம் பிடித்தது. கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது.

நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் எஸ். எஸ். வாசன் என்பது பலருக்குத் தெரியும். விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர் அவர். 1928-ல் பூதூர் வைத்தியநாதையரிடமிருந்து 'ஆனந்த விகட'னை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வது வழக்கம். எழுத்தெழுத்தாக எண்ணி வாங்கியவர், பிறகு எழுத்தெழுத்தாகக் கட்டத்தில் போட்டு நிரப்பச் சொன்னதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1930-களில் அவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகளால் பத்திரிகையின் விற்பனை ஏறியது. 'இது சூதாட்டம்' என்ற கண்டனமும் கூடவே ஏறியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறுக்கெழுத்துக்காகப் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்கள் அதில் கல்கியின் எழுத்தையும் கண்டார்கள். 1937-ல் 'கள்வனின் காதலி' தொடர்கதையைப் படித்தார்கள். போட்டி வாசல்படிதான், உள்ளே வீடு இருந்தது. வாசலில் கூட்டம் சேர்ப்பது எப்படி என்ற வித்தையை வாசன் அதற்கப்புறம் சினிமாவுக்கு எடுத்துப் போனார். 1948-ல் 'சந்திரலேகா'வுக்கு அவர் செய்த விளம்பரத்தைப் பற்றிப் பெரியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒருவர் வெற்றி பெற்றால் ஒன்பது பேர் கடை திறப்பார்கள். 1940-களிலும் 1950-களின் ஆரம்பத்திலும் தேசம் முழுவதும், எல்லா பாஷைகளிலும், பரிசுப் போட்டிகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. வாசல்படி மட்டும் இருந்தது. பல இடங்களில் வீட்டைக் காணோம். மாமா வாங்கிய பத்திரிகை அந்த ரகம். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது நின்றுபோய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது; செத்த பாம்பை அடித்து ஆவதென்ன?

போட்டி இப்படி இருக்கும். கட்டத்தில் சில சொற்கள் தெளிவானவை. சின்னக் குழந்தையும் போட்டுவிடும். சிலவற்றில் ஓர் எழுத்தை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். குறிப்பு: 'இது இல்லாதவனை ஊர் மதிக்காது.' கடைசி இரண்டு எழுத்தும் 'ணம்' என்று போட்டாயிற்று. முதல் எழுத்து என்ன? பணமா, குணமா? இன்னொன்று: 'ஏழைக்கு இது இல்லாவிட்டால் வாழ்வே இல்லை.' உழைப்பா, பிழைப்பா? எதைப் போட்டாலும் பொருந்தும். சரியான விடை என்று ஒன்றை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து முன்னாலேயே பத்திரப்படுத்திவிட்டதாக அறிவிப்பார்கள். அதோடு ஒத்துப்போகிறவனுக்குப் பரிசு. 'ஆசிரியர் தீர்ப்பே முடிவானது' என்பது கடைசி வரி.

மாமா இதைத் தமிழறிவுக்கு வைத்த பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். பணமா குணமா என்ற விஷயத்துக்கு ஒரு ராத்திரி முழுவதும் குறளையும் நாலடியாரையும் புரட்டினார். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, 'குணம்' என்று எழுதினார். அடுத்த இதழில் விடை வந்தது: பணம்.

அவர் வருத்தப்படவில்லை, கோபப்பட்டார். குணமே பொருந்தும் என்பதற்கு இலக்கணமும் இலக்கியமும் காட்டி ஆறு பக்கம் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அடுத்த போட்டிக்கும் எழுதினார், தோற்றார். மூன்றாவதில் ஒரு சின்னப் பரிசு வந்துவிட்டது. மூன்று ரூபாய் ஆறணா. மணியார்டர் ரசீதை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். அந்த மூன்று ரூபாய் ஆறணாதான் குடும்பத்தைக் கெடுத்தது என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆயக்குடி வந்திருந்தேன். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளே, நீ கணக்கில் புலியாமே. சந்தேகமான இடம் பத்து இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு சொல். எல்லா விதத்திலும் எழுதி அனுப்பினால் பரிசு நிச்சயம் அல்லவா? எத்தனை கூப்பன் வேண்டும்?"

நான் சிலேட்டில் போட்டேன். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று பத்து முறை பெருக்கினால் 1,024 வந்தது. கூப்பனுக்கு நாலணா. மொத்தம் 256 ரூபாய். அது மாமாவுக்கு அரை வருஷச் சம்பளம். சிலேட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐந்து இடத்தில் நான் துணிந்து முடிவு சொல்லிவிடுவேன். மிச்சம் ஐந்துக்குப் போடு" என்றார். 32 கூப்பன், எட்டு ரூபாய். இந்தக் கணக்கு மலிவாகப் பட்டது. அத்தையின் கம்மல் அந்த வருஷம்தான் பழனியில் ஒரு சேட்டு கடைக்குப் போயிற்று. திரும்பி வரவில்லை.

மதுரைக்காரர்களுக்கும் எங்கள் பக்கத்தாருக்கும் ஒரு கதை நன்றாகத் தெரியும். செண்பக பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? தன் மனத்தில் இருக்கும் கருத்துக்கு ஒத்த கவிதை கொண்டுவருகிறவனுக்கு ஆயிரம் பொன் என்று சங்க மண்டபத்தில் பொற்கிழியைத் தொங்கவிட்டான். தருமி என்ற ஏழைக்கு இறைவனே பாட்டெழுதிக் கொடுத்தான். நக்கீரர் குற்றம் சொன்னார். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் தருமியாக வந்தபிறகு இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. எல்லோரும் நக்கீரரைப் பார்க்கிறோம், தருமியைப் பார்க்கிறோம். போட்டியை வைத்த பாண்டியனை ஒருவரும் கவனிப்பதில்லை. விடை எங்கே இருந்தது? ராஜாவின் மனத்தில். அரக்கு முத்திரை வைத்த உறை அது. எவ்வளவு பெரிய புலவனானாலும் அதைத் திறந்து பார்க்க முடியாது. கடவுளே வந்து எழுதிக் கொடுத்தால்தான் பரிசு என்றால், அதைத் திறமைக்கு வைத்த போட்டி என்று எப்படிச் சொல்வது? மாமா தம்மை நக்கீரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் தருமி. சொக்கநாதர் மட்டும் வரவில்லை.

இதே கேள்வியைத்தான் கடைசியில் சட்டமும் கேட்டது. பார்லிமெண்டில் 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்று நிறைவேறி, 1956 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஒரு மாதத்தில் கொடுக்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் வாங்கக்கூடாது. அதற்குள் நடத்துவதற்கும் லைசென்ஸ் வேண்டும். குறுக்கெழுத்து, விட்டுப்போன சொல், படப் போட்டி என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி, இதுதான் விதி என்று எழுதினார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் பரிசு என்றால் யார் கூப்பன் அனுப்புவார்கள்? அதோடு பல கடைகள் மூடப்பட்டன.

சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களில் முக்கியமானவர் சமர்பாக்வாலா. பெங்களூரில் அச்சாகிய 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற வாரப் பத்திரிகையின் மூலம் 'ஆர்.எம்.டி.ஸி. குறுக்கெழுத்து' என்று நடத்தி, பம்பாய் ராஜ்யம் முழுவதிலிருந்தும் கூப்பன் வாங்கிக் குவித்தவர். 'வியாபாரம் செய்வது என் அடிப்படை உரிமை. அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது' என்பது அவர் வாதம். 1957 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சூதாட்டம் வியாபாரமே அல்ல. ஆகவே அதற்கு அந்த உரிமையும் இல்லை. வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்திருந்தால் அது வேறு சங்கதி. அந்தப் போட்டிகளைச் சட்டம் தொடாது. அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தால் சூது. பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

மாமாவுக்கு நான்தான் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அப்படியானால் 'குணம்' என்று நான் எழுதியது தப்பில்லை என்று ஏற்பட்டுவிட்டதா?"

இத்தனை சொல்லிவிட்டு, புதிர் போட்டு ஆள் சேர்ப்பது எல்லாமே மோசடி என்று முடித்துவிட்டால் அது அநியாயம். நேர்மையாகப் போட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டவரும் உண்டு. அவர் எங்கள் ஜாதி, கதை எழுதுகிறவர்.

எட்கர் வாலஸ் என்ற பெயரை வயதான வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துப்பறியும் நாவல்களாக எழுதிக் குவித்தவர். 'கிங் காங்' படத்துக்கு வேலை செய்வதற்காக ஹாலிவுட் போய் 1932-ல் அங்கேயே காலமானவர். 1905-ல் அவர் பெயர் தெரியாத பத்திரிகை நிருபர். 'நான்கு நீதிமான்கள்' என்று ஒரு நாவல் எழுதினார். பூட்டிய அறைக்குள், போலீஸ் காவலுக்கு நடுவில், ஒரு மந்திரி கொல்லப்படுகிறார். எப்படி? அதைச் சொல்லும் கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டுப் புத்தகத்தை அச்சடித்தார். பின்னால் ஒரு படிவத்தைச் சேர்த்தார். சரியாகக் கண்டுபிடித்து எழுதுகிறவர்களுக்கு மொத்தம் 500 பவுன் பரிசு என்று லண்டன் முழுவதும் விளம்பரம் செய்தார். விளம்பரத்துக்கே பெரும் பணம் செலவாயிற்று.

புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் வாலஸ் ஒரு வார்த்தையை எழுத மறந்துவிட்டார். முதல் பரிசு ஒருவருக்குத்தான் என்று விதியில் போடவில்லை! யார் யார் சரியாக எழுதினார்களோ அவர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தாக வேண்டும். அவருடைய புதிரோ யோசித்தால் விடை கிடைக்கும் புதிர். யோசிக்கிற ஆசாமிகள் லண்டனில் கொஞ்சநஞ்சமா? சரியான விடைகள் வந்துகொண்டே இருந்தன. பரிசு பெற்றவர்களின் பட்டியல் வெளிவரவில்லையே என்று ஜனங்கள் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். கடைசியில் 'டெய்லி மெயில்' முதலாளி ஹார்ம்ஸ்வொர்த், தம் பத்திரிகையின் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து, கடன் கொடுத்துத் தீர்த்துவைத்தார். வாலஸ் அந்த நாவலின் உரிமையை 75 பவுனுக்கு விற்றார்.

நாவலாசிரியர்களுக்கு இதில் பாடம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு வாலஸிடம் ஒரு மரியாதை உண்டு. பணமா குணமா என்று அவர் கேட்கவில்லை. மூளை இருக்கிறவன் கண்டுபிடிக்கும்படி வைத்தார், கண்டுபிடித்துவிட்டார்கள், அகப்பட்டுக்கொண்டார்.

சினிமாக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அமெரிக்காவில் 1912-ல் எடிசன் கம்பெனியும் ஒரு பெண்கள் பத்திரிகையும் சேர்ந்து 'மேரிக்கு என்ன ஆயிற்று?' என்று ஒரு கதையைப் பத்திரிகையிலும் திரையிலும் மாதாமாதம் நடத்தினார்கள். அடுத்து மேரிக்கு என்ன ஆகும் என்று சரியாகச் சொன்னால் நூறு டாலர். இரண்டு வருஷம் கழித்து தான்ஹௌஸர் கம்பெனி 'பத்து லட்சம் டாலர் மர்மம்' என்ற தொடர்படத்தை எடுத்தது. இருபத்திரண்டு பாகம் காட்டிவிட்டு நிறுத்தினார்கள். முடிவை எழுதி அனுப்பு. சிறந்த முடிவுக்கு 10,000 டாலர்! பரிசு பெற்றவர் செயிண்ட் லூயி நகரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஐடா டேமன் என்ற பெண். கம்பெனி 23-வது பாகமாக முடிவைப் படமெடுத்து 1915-ல் வெளியிட்டது. இங்கே உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. விடை எழுதுகிறவளிடமே இருந்தது. கம்பெனிக்காரர்களுக்கு லாபம் கொள்ளை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பத்தாயிரம் டாலர் அவர்களுக்கு விளம்பரச் செலவு. ஐடா டேமனுக்கோ வாழ்நாள் சேமிப்பு.

நம் ஊரில் இதற்கெல்லாம் முந்திய ஒரு விஷயம் உண்டு. பழனி வட்டாரத்திலும் மதுரைப் பக்கத்திலும் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். வள்ளி ஓர் ஊரிலிருந்தும், நாரதர் வேறு ஊரிலிருந்தும், வேலன் இன்னோர் ஊரிலிருந்தும் அன்று சாயங்காலம் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. நடுராத்திரிக்கு மேல் தர்க்கம் ஆரம்பமாகும். நாரதர் ஒரு விடுகதை போடுவார். வள்ளி அவிழ்த்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்பாள். என்ன கேட்பார் என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. ஜனங்களுக்கும் தெரியாது. நோட்டீஸில் இரண்டு பெயரையும் பெரிதாகப் போட்டால் போதும், 'இன்றைக்கு இவளை அவர் மடக்கிவிடுவாரா?' என்று பத்து மைல் சுற்றுவட்டாரமும் வந்துவிடும். எனக்குத் தெரிந்து, கூட்டத்தின் நடுவிலிருந்து பாட்டிமார்கள் விடை சொல்லிக் கத்தியது உண்டு. அவர்களுக்கு யாரும் நாலணா கேட்கவில்லை, பரிசும் கொடுக்கவில்லை. கூத்துக்கு வெளியே தொங்கவிட்ட புதிர் அல்ல அது. கூத்தே அதுதான்.

மாமா ஒருமுறை அப்படி எழுந்து நின்று விடை சொன்னார். நாரதர் மேடையிலிருந்து கைகூப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா அதையே பேசிக்கொண்டு வந்தார். மூன்று ரூபாய் ஆறணா வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்தப் பையனுடைய போஸ்டருக்கு வருகிறேன். 2001-ல் ஸ்பீல்பெர்க் 'ஏ.ஐ.' என்ற படத்தை வெளியிட்டபோது, அதன் விளம்பரத்தில் நடிகர் பெயர்களுக்கு நடுவே ஜெனின் சல்லா என்று ஒரு பெயர் இருந்தது. உத்தியோகம்: உணர்வுள்ள இயந்திரங்களுக்கு மனநல வைத்தியர்! அப்படி ஒரு தொழில் உலகத்தில் கிடையாது. யார் இவள் என்று இணையத்தில் தேடினவர்கள் ஒரு பொய் உலகத்துக்குள் போய் விழுந்தார்கள். அங்கே ஒரு கொலை, பக்கம் பக்கமாகத் தடயங்கள், நூற்றுக்கணக்கில் புதிர்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து அவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒருவனுக்குச் சங்கீதம் தெரியும், ஒருவனுக்கு லத்தீன் தெரியும், ஒருவனுக்குக் கம்ப்யூட்டர். மாதக்கணக்கில் தாங்கும் என்று தயாரித்தவர்கள் வைத்திருந்த சரக்கை முதல் நாளிலேயே தீர்த்துவிட்டார்கள். தயாரித்தவர்கள் ராத்திரி பகல் கண் விழித்துப் புதிது புதிதாக எழுத வேண்டியதாயிற்று. எட்கர் வாலஸின் ஆவி சிரித்திருக்கும். பரிசு என்று ஒரு காசு கிடையாது. 2008-ல் வந்த பேட்மேன் படத்துக்கும் அதே கூட்டத்தார் அதே வித்தையைச் செய்தார்கள். கேக்குக்குள் டெலிபோனை வைத்துக் கொடுத்தார்கள். இன்று தமிழ்ப் படங்களின் போஸ்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் அந்தச் சங்கத்தின் வாரிசுகள்.

பரிசில்லாததால் இதில் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பையனின் மூன்று நாள் விடுமுறையைச் சினிமாக் கம்பெனி சும்மா வாங்கிக்கொண்டுவிட்டது. மாமாவிடம் கூப்பனுக்கு நாலணா கேட்டார்கள். இவனிடம் பொழுதைக் கேட்கிறார்கள். ஆனால் அவன் குனிந்திருந்த விதத்தில் மாமாவின் குனிவில் இருந்த தவிப்பு இல்லை. திண்ணையில் தனியாக இருந்தும் அவன் தனியாக இல்லை.

கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்லவில்லையே!

மாமா கூப்பன் கத்தரிக்கும் பக்கத்தின் மறுபுறம் தொடர்கதை இருக்கும். அத்தைக்குத் தொடர்கதை என்றால் உயிர். மாமா ஒரே இதழில் மூன்று நாலு பிரதி வாங்குவார். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில்தான் கூப்பன். ஆகவே எத்தனை பிரதி வாங்கினாலும் அத்தைக்குக் கிடைப்பது நடுவில் ஓட்டை விழுந்த கதைதான். கதாநாயகி கிணற்றடிக்குப் போனாள்; அங்கே நின்றவனைப் பார்த்து... ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் அவள் அழுதுகொண்டிருப்பாள். யார் நின்றான், என்ன சொன்னான்?

"டேய், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன்தானே. இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும், சொல்லு" என்பாள் அத்தை, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு. முதலில் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஏதோ சொன்னேன். "அப்படி இருக்காது, அவன் நல்லவன்" என்றாள். மாற்றிச் சொன்னேன். அடுத்த இதழ் வரும். நான் சொன்னது தப்பு என்று தெரியும். சில சமயம் அச்சில் வந்ததைவிட நான் சொன்னதே நன்றாக இருக்கிறது என்பாள். அவளுடைய கம்மல் போன காதில் ஈர்க்குச்சி இருந்தது. நான் கதை எழுதக் கற்றுக்கொண்டது எங்கே என்று யாராவது பேட்டியில் கேட்டால் டால்ஸ்டாய், கல்கி என்று பெரிய பெயராகச் சொல்லிவிடுகிறேன். நிஜம் இதுதான்.

அத்தை அந்தத் தொடர்கதையைத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்தாள். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து பையன் அதை எடுத்து வந்தான். பழுப்பேறிப் போய், தொட்டால் உதிர்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் சதுரமாக ஓர் ஓட்டை. கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"இங்க என்ன தாத்தா இருந்துச்சு?"

"எந்த இடம்?"

"அந்தப் பொண்ணு கிணத்தடிக்குப் போறா. அங்க ஒருத்தன் நிக்கிறான்."

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவன் தலையை ஆட்டினான். "அப்படி இருக்காது தாத்தா. பின்னாடி எட்டாவது அத்தியாயத்துல அவனுக்குக் கை முறிஞ்சிருக்குன்னு வருது, பாருங்க" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினான்.